எந்தக் கையோடு இறங்கலாம்: சின்னப் பந்தய ஆன்லைன் போக்கரில் முதல் 2 சீட்டு

ரம்மி ஆடியவர்களுக்கு முதல் டிராப்பின் அருமை தெரியும். 13 சீட்டையும் விரித்துப் பார்த்து, இது தேறாது என்று பட்டால் 20 பாயின்ட்டோடு தப்பித்துக்கொள்ளலாம். ஆசைப்பட்டு உட்கார்ந்துவிட்டு நடுவில் எழுந்தால் 40, கடைசிவரை மாட்டிக்கொண்டால் 80 வரை. ஆளுக்கு 2 சீட்டும் எல்லோருக்கும் பொதுவான 5 சீட்டும் வைத்து ஆடும் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் இந்த முதல் டிராப் பெரும்பாலும் இலவசம். 6 பேர் மேசையில் 4 இருக்கைகளில் ஒரு சென்ட்கூடப் போகாமல் கையை மடித்துவிடலாம். அப்படியிருந்தும் புதிதாக வருபவர்கள் வருகிற கைகளில் பாதியை ஆடிப் பார்க்கிறார்கள். சின்னப் பந்தய மேசைகளில் காசு கரைவது முதலில் இங்கேதான்.

ஆட்டத்துக்குள் போகும் முன் ஒரு விஷயம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பார்க்காமல் தடை செய்கிறது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கீழே சொல்வதைப் பணமில்லாத பயிற்சி மேசைகளில் பழகிக்கொள்ளுங்கள். பிரிட்டன், கனடாவின் ஒன்டாரியோ போல உரிமம் பெற்ற தளங்கள் உள்ள இடங்களில் இருப்பவர்கள் அந்த உரிமத்தை உறுதி செய்துகொண்டு ஆடுங்கள். கணக்குகள் எல்லாம் 2 சென்ட் / 5 சென்ட் பிளைண்ட் உள்ள 6 பேர் மேசைக்கு. பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே 2 இருக்கைக்காரர்கள் கட்டாயமாகப் போடும் பணம்: சின்ன பிளைண்ட் 2 சென்ட், பெரிய பிளைண்ட் 5. ஆளுக்கு 5 டாலர், அதாவது 100 பெரிய பிளைண்டோடு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

52 சீட்டிலிருந்து 2 சீட்டு 1,326 விதமாக வரலாம். இஸ்பேடா ஆர்ட்டினா என்ற வேறுபாட்டை நீக்கிவிட்டு, ஒரே சூட்டா வேறு சூட்டா என்று மட்டும் பார்த்தால் 169 வகைக் கைகள்: 13 ஜோடி, 78 சூட்டட் (ஒரே சூட்), 78 ஆஃப்சூட் (வேறு வேறு சூட்). ஒரு குறிப்பிட்ட ஜோடி 6 விதமாக வரும், ஒரு சூட்டட் கை 4 விதமாக, ஆஃப்சூட் கை 12 விதமாக. கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்சூட் கைகள் சூட்டட் கைகளைவிட 3 மடங்கு அடிக்கடி வரும். அதனால் பட்டியலில் தவறான ஒரு ஆஃப்சூட் கையைச் சேர்த்துக்கொண்டால் அந்தத் தவறு 3 மடங்கு அடிக்கடி உங்களைச் சுடும். ஏதோ ஒரு ஜோடி வருவது 17 கைக்கு ஒரு முறை. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு முறை.

அடுத்தது இருக்கை. பட்டன் என்பது கைக்குக் கை இடப்பக்கம் நகரும் டீலர் குறி; அதற்கு இடப்பக்கம் சின்ன பிளைண்ட், அடுத்து பெரிய பிளைண்ட். பொதுச் சீட்டுகள் விழும் ஃப்ளாப் (முதல் 3), டர்ன் (4-ஆவது), ரிவர் (5-ஆவது) மூன்றிலும் பட்டனில் இருப்பவர்தான் கடைசியாகப் பேசுவார். மற்றவர்கள் செக் செய்தார்களா (பணம் போடாமல் கடந்தார்களா), பெட் வைத்தார்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பெரிய பிளைண்டுக்கு இடப்பக்கம் முதலில் உட்கார்ந்திருப்பவருக்கோ, அவருக்குப் பின்னால் 5 பேர் இன்னும் சீட்டோடு காத்திருக்கிறார்கள். அந்த 5 பேரில் ஒருவரிடமாவது உங்களைவிட நல்ல கை இருக்க வாய்ப்பு அதிகம். பட்டனில் உங்களுக்குப் பின்னால் 2 பிளைண்ட் மட்டுமே. ஒரே கிங்-10 ஆஃப்சூட் முதல் இருக்கையில் மடிக்க வேண்டிய கை, பட்டனில் ரெய்ஸ் செய்ய, அதாவது பந்தயத்தை ஏற்ற வேண்டிய கை. சீட்டைப் பார்க்கும் முன் பட்டன் எங்கே என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னால் யாரும் பணம் போடாதபோது நீங்களே ஆட்டத்தைத் திறப்பதற்கான பட்டியல் கீழே. இறங்குவதென்றால் எப்போதும் ரெய்ஸ்தான், 15 சென்ட். வெறும் 5 சென்ட் கட்டி உள்ளே நுழைவதை லிம்ப் என்பார்கள். அதை மறந்துவிடுங்கள். ரெய்ஸ் செய்தால் எல்லோரும் மடித்து 7 சென்ட் பிளைண்ட் உடனே கைக்கு வரலாம். இல்லாவிட்டால் நல்ல கையோடு ஃப்ளாப் பார்க்கலாம். லிம்ப்புக்கு முதல் வழி அடைபட்டுவிடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு: தளம் ஒவ்வொரு பாட்டிலிருந்தும், அதாவது நடுவில் சேர்ந்த பணத்திலிருந்தும், 5 சதவீதத்தை ஒட்டி ரேக் என்ற கட்டணம் எடுக்கும். ஃப்ளாப் வராமலே கை முடிந்தால் பெரும்பாலான தளங்கள் எதுவும் எடுப்பதில்லை.

முதல் இருக்கை: 7 முதல் ஏஸ் வரையிலான ஜோடிகள். சூட்டட்டில் ஏஸ்-10 முதல் ஏஸ்-கிங் வரை, கிங்-குயின், கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10. ஆஃப்சூட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின். மொத்தம் 128 விதம், 100 கைக்குச் சுமார் 10.

இரண்டாவது இருக்கை, அதாவது ஹைஜாக்: மேலே உள்ளதோடு 6-6, 5-5. சூட்டட்டில் ஏஸ்-9, ஏஸ்-5, கிங்-10, குயின்-10, 10-9. ஆஃப்சூட்டில் ஏஸ்-10. இப்போது 13 சதவீதம். ஏஸ்-6 இல்லாமல் ஏஸ்-5 ஏன் என்று கேட்கலாம். ஏஸ்-2-3-4-5 என்ற ஸ்ட்ரெய்ட்டுக்கு (5 சீட்டுத் தொடர்) 5 உதவும், 6 உதவாது.

கட்ஆஃப், பட்டனுக்கு முந்தைய இருக்கை: மீதி எல்லா ஜோடிகளும், மீதி எல்லாச் சூட்டட் ஏஸ்களும். சூட்டட்டில் கிங்-9, குயின்-9, ஜாக்-9, 9-8, 8-7. ஆஃப்சூட்டில் கிங்-ஜாக், குயின்-ஜாக். சுமார் 19 சதவீதம்.

பட்டன்: இவற்றோடு சூட்டட்டில் 7-6, 6-5, 5-4, கிங்-8 முதல் கிங்-5 வரை, குயின்-8, ஜாக்-8, 10-8, 9-7. ஆஃப்சூட்டில் ஏஸ்-9, ஏஸ்-8, ஏஸ்-7, கிங்-10, குயின்-10, ஜாக்-10. ஏறக்குறைய 28 சதவீதம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பட்டனில் 40 சதவீதத்துக்கு மேலும் திறப்பார்கள். ஃப்ளாப்புக்குப் பின் ஆடத் தெரிந்தவர்களுக்கு அது கட்டுப்படியாகும். முதல் சில ஆயிரம் கைகளுக்கு 28 போதும்.

சின்ன பிளைண்டுக்குத் தனிப் பட்டியல் வேண்டாம். எல்லோரும் மடித்து உங்களிடம் வந்தால் கட்ஆஃப் பட்டியலோடு 15 சென்ட் ரெய்ஸ், இல்லையென்றால் மடிப்பு. ஏற்கெனவே 2 சென்ட் போட்டாயிற்றே, இன்னும் 3 சென்ட்தானே என்ற நினைப்பு இந்த இருக்கையில்தான் வரும். ஃப்ளாப்புக்குப் பின் நீங்கள்தான் முதலில் பேச வேண்டியிருக்கும் என்பதால் அந்த 3 சென்ட் பின்னால் 30 சென்ட்டை இழுத்துக்கொண்டு போகும்.

இனி மிகவும் காசு குடிக்கும் கையைக் கிட்டத்தில் பார்ப்போம். 7-2 யாரையும் கெடுப்பதில்லை. பார்த்ததும் மடித்துவிடுகிறார்கள். கெடுப்பது ஏஸ்-9 ஆஃப்சூட் போன்ற கை. முதல் இருக்கைக்காரர் 15 சென்ட் ரெய்ஸ் செய்கிறார். கட்ஆஃபில் உங்களிடம் இஸ்பேட் ஏஸ், டைமன் 9. கால் செய்கிறீர்கள், அதாவது அதே தொகையைக் கட்டுகிறீர்கள், பிளைண்டுகள் மடிக்கிறார்கள், பாட்டில் 37 சென்ட். ஃப்ளாப் ஏஸ்-7-2. அவர் 25 சென்ட் வைக்கிறார். ஏஸ் ஜோடி கையில் இருக்கும்போது எப்படி விடுவது, கால் செய்கிறீர்கள். டர்னில் ஜாக். அவர் 55, மறுபடி கால். ரிவரில் 3. அவர் 1 டாலர் 20 சென்ட் வைக்கிறார். இவ்வளவு போட்டாயிற்று என்று அதையும் கட்டுகிறீர்கள். அவர் காட்டுவது ஏஸ்-குயின். உங்களுக்குப் போனது 2 டாலர் 15 சென்ட், 43 பெரிய பிளைண்ட்.

துரதிர்ஷ்டம் என்று தோன்றும். முதல் இருக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அங்கே ஏஸ் உள்ள எந்தக் கையிலும் துணைச் சீட்டு 10-க்குக் கீழே இல்லை. அவரிடம் ஏஸ் இருந்தால், ஜோடி சமமாகும்போது முடிவு செய்யும் துணைச் சீட்டான (கிக்கர்) உங்கள் 9 தோற்கும். அவரிடம் கிங் ஜோடி இருந்திருந்தாலோ, ஏஸைப் பார்த்ததும் டர்னில் செக் செய்து நின்றுவிடுவார். உங்களுக்கு அவருடைய 40 சென்ட்டும் பிளைண்டும் கிடைக்கும், அவ்வளவுதான். ஜெயிக்கும்போது 40 சென்ட், தோற்கும்போது 2 டாலர் 15. கை மேலுக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கணக்கு தேறாது. கிங்-ஜாக் ஆஃப்சூட், குயின்-10 ஆஃப்சூட், ஏஸ்-10 ஆஃப்சூட் எல்லாமே இதே குடும்பம். நீங்கள் திறக்கும்போது நல்ல கைகள். வேறொருவர் முன் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்துவிட்டால் அதே கைகள் மடிக்க வேண்டியவை. ஏஸ்-கிங்கோடு ஏஸ்-9 கடைசிவரை போனால் ஏறக்குறைய நான்கில் ஒரு முறைதான் ஜெயிக்கும்.

ஆகவே முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். ஏஸ், கிங், குயின் ஜோடிகளோடும் ஏஸ்-கிங்கோடும் மீண்டும் ரெய்ஸ் செய்யுங்கள், அதாவது 3-பெட். 15 சென்ட் ரெய்ஸுக்கு, அவருக்குப் பின்னால் பேசும் இருக்கையில் இருந்தால் 45 முதல் 50, பிளைண்டிலிருந்து என்றால் 60. ரெய்ஸ் கட்ஆஃபிலோ பட்டனிலோ இருந்து வந்தால் ஜாக் ஜோடி, 10 ஜோடி, சூட்டட் ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். முன் இருக்கை ரெய்ஸுக்கு ஜாக் ஜோடியும் அதற்குக் கீழுள்ளவையும், சூட்டட் ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயினும் கால் செய்யும் கைகள். ஏஸ்-குயின் ஆஃப்சூட்டை, எதிராளியைப் பற்றி எதுவும் தெரியாதபோது, முன் இருக்கை ரெய்ஸுக்கு விட்டுவிடுவதே நல்லது. வெறுங்கையோடு 3-பெட் செய்து பயமுறுத்துவது இந்த மேசைகளில் பலிக்காது. இங்கே ஆடுபவர்கள் மடிக்க விரும்பாதவர்கள். மடிக்காதவரிடம் பயம்காட்டுவதைவிட, நல்ல கை வரும்போது அவரிடமே முழு விலை வாங்குங்கள்.

நீங்கள் திறந்து, பின்னாலிருந்து ஒருவர் 50 சென்ட்டுக்கு ஏற்றினால்? 10 ஜோடி முதல் மேலே, சூட்டட் ஏஸ்-குயின், ஏஸ்-கிங் இவற்றோடு தொடருங்கள். ஏஸ்-ஜாக் ஆஃப்சூட், கிங்-குயின் ஆஃப்சூட், சின்ன ஜோடிகள் எல்லாம் அங்கேயே நிற்கட்டும். நீங்கள் 3-பெட் செய்தபின் இன்னொருவர் அதன்மேல் ஏற்றினால், 5 சென்ட் மேசையில் அது பெரும்பாலும் ஏஸ் ஜோடி அல்லது கிங் ஜோடிதான். ஜாக் ஜோடியை வருத்தப்படாமல் விடுங்கள்.

சின்ன ஜோடிகளுக்கு வேறு கணக்கு. 4-4 வைத்திருக்கும்போது நீங்கள் தேடுவது ஃப்ளாப்பில் இன்னொரு 4, அதாவது செட். அது விழும் வாய்ப்பு 11.8 சதவீதம், எட்டரைக்கு ஒரு முறை. விழாதபோது பெரும்பாலும் மடித்துவிடப் போகிறீர்கள். செட் விழுந்த எல்லா முறையும் எதிராளி தன் முழுப் பணத்தையும் தந்துவிடுவதில்லை. அதனால் கால் தொகையைப்போல் 15 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு பணம் பின்னால் இருக்க வேண்டும், அதுவும் இருவரில் குறைவாக வைத்திருப்பவரிடம். 15 சென்ட் கால் செய்ய 20 மடங்கு என்றால் 3 டாலர். அவரிடம் 5 டாலர் இருந்தால் தாராளமாகக் கட்டலாம். அவர் 1 டாலர் 50 சென்ட்டோடு உட்கார்ந்திருந்தால் அதே 4-4 மடிப்பு. 50 சென்ட்டுக்கு 3-பெட் வந்தால் நீங்கள் மேலும் 35 போட வேண்டும். பின்னால் இருப்பது 4 டாலர் 85, 14 மடங்குகூடத் தேறாது. கால் பொத்தானைத் தொடும் முன் எதிராளியின் பெயருக்குக் கீழே உள்ள தொகையைப் பாருங்கள்.

சூட்டட் மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2 சீட்டும் ஒரே சூட் என்பதால் ஒரு கையின் வெற்றி வாய்ப்பு கூடுவது ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதப் புள்ளி. ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே சூட்டில் 5 சீட்டு) முழுதாக அமைவது 100-க்கு ஒரு முறைகூட இல்லை, 0.84 சதவீதம். ஒரு சீட்டு குறையாக நிற்பது 9 முறைக்கு ஒன்று. அதிலும் ரிவருக்குள் ஃப்ளஷ் முடிவது 35 சதவீதம். ஜாக்-4 சூட்டட்டைக் காப்பாற்ற இது போதாது. அப்படியே ஃப்ளஷ் அமைந்தாலும், நிறையப் பணம் நடுவில் போகும் நாளில் எதிராளியிடம் கிங்கோ ஏஸோ உள்ள ஃப்ளஷ் இருக்கக்கூடும். சூட்டட் ஏஸ்களுக்கு மதிப்பு அதனால்தான்: உங்கள் ஃப்ளஷ்தான் பெரியது. 8-7 போன்றவற்றுக்கு ஸ்ட்ரெய்ட்டும் கூடவே கிடைக்கிறது. ஜாக்-4-க்கு இரண்டுமில்லை.

பெரிய பிளைண்டில் மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம், 5 சென்ட் ஏற்கெனவே உள்ளே இருப்பதால். பட்டன் 15 சென்ட் ரெய்ஸ் செய்து சின்ன பிளைண்ட் மடித்தால் பாட்டில் 22 சென்ட்; நீங்கள் 10 போட்டால் 32. 10-ஐ 32-ஆல் வகுத்தால் 31 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை. ரேக்கும், முதலில் பேச வேண்டிய சங்கடமும் சேர்ந்து அந்தத் தேவையை உயர்த்தும். ரெய்ஸ் 10 சென்ட் மட்டும் என்றால் 17-க்கு 5 போடுகிறீர்கள், 23 சதவீதம் போதும். பட்டன், கட்ஆஃப் ரெய்ஸுக்கு எல்லா ஜோடிகளும், சூட்டட் ஏஸ்களும், 9-க்குக் குறையாத துணையோடு சூட்டட் கிங், குயின், ஜாக்கும், 5-4 வரையிலான சூட்டட் தொடர்களும், ஆஃப்சூட்டில் ஏஸ்-10-க்கு மேலுள்ளவையும் கிங்-குயின், கிங்-ஜாக், குயின்-ஜாக்கும் கால் செய்யலாம். முதல் இருக்கை ரெய்ஸ் என்றால் கிங்-ஜாக் ஆஃப்சூட்டும் ஏஸ்-10 ஆஃப்சூட்டும் போய்விட வேண்டும். யாரும் ரெய்ஸ் செய்யாமல் வந்தால் என்ன கையானாலும் செக்தான். இலவசமாக ஃப்ளாப் பார்க்கும் இடத்தில் மடித்துவிடாதீர்கள்.

இந்த மேசைகளில் லிம்ப் செய்பவர்கள் நிறைய. ஒருவர் 5 சென்ட் கட்டி உள்ளே வந்திருந்தால், உங்கள் இருக்கைப் பட்டியலில் உள்ள நல்ல கைகளோடு 20 சென்ட் ரெய்ஸ்; 2 பேர் என்றால் 25. அதாவது வழக்கமான 15-ஓடு தலைக்கு 5. பட்டனில் 2-2 முதல் 6-6 வரை இருந்து முன்னால் 2, 3 பேர் லிம்ப் செய்திருந்தால் மட்டும் நீங்களும் 5 சென்ட் கட்டிச் செட் தேடலாம். லிம்ப் கூடாது என்றதற்கு இது ஒன்றே விலக்கு.

ஏஸ் ஜோடி வந்ததும் ஒளித்து வைக்கத் தோன்றும். வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு கைக்கு எதிராக அது 85 சதவீதம் ஜெயிக்கும். 3 பேருக்கு எதிராக 64. 5 பேரும் சேர்ந்து வந்தால் 49. லிம்ப் செய்து எல்லோரையும் மலிவாக உள்ளே விட்டால், மேசையின் ஆகச் சிறந்த கை பாதி முறை தோற்கும், சின்ன ஜோடிக்காரருக்கு 5 சென்ட்டில் செட் கிடைக்கும்.

தளத்தின் அமைப்புகளில் சிலவற்றை ஆரம்பத்திலேயே சரிசெய்துவிடுங்கள். மேசையில் உட்காரும்போது ‘பெரிய பிளைண்ட் வரும்வரை காத்திரு’ என்ற தேர்வைக் குறியிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் நுழைவதற்கே 5 சென்ட் கேட்கும். பணம் 5 டாலருக்குக் கீழே இறங்கினால் தானாக நிரப்பும் வசதியை இயக்குங்கள். முதல் மாதம் ஒரு மேசை மட்டும். 5 டாலர் மேசைக்குக் குறைந்தது 100 டாலராவது ஆட்டத்துக்கென்று தனியே இருக்கட்டும், வீட்டுச் செலவில் கை வைக்காத 100. 9 பேர் மேசையில் ஆடுவதானால் முதல் 3 இருக்கைகளில் மேலே சொன்ன முதல் இருக்கைப் பட்டியலிலிருந்து 7-7, ஜாக்-10, குயின்-ஜாக், ஏஸ்-ஜாக் ஆஃப்சூட், கிங்-குயின் ஆஃப்சூட் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள்.

மடித்துக்கொண்டே இருந்தால் பிளைண்டிலேயே பணம் போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. 6 கைக்கு ஒரு சுற்று, அதில் 7 சென்ட். எதையுமே ஆடாமல் 100 கை உட்கார்ந்தால் சுமார் 1 டாலர் 17 சென்ட் போகும். அந்த ஏஸ்-9 ஒரே கையில் கொண்டுபோனது இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே உள்ள பட்டியலோடு ஆடினால் 100 கையில் 15 முதல் 20 கைதான் உங்கள் விருப்பத்தோடு பணம் போடுவீர்கள். முதல் மணி நேரம் அலுப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மற்றவர்களைக் கவனியுங்கள்: யார் லிம்ப் செய்கிறார், ரிவரில் யார் என்ன கை காட்டுகிறார், 3-பெட் செய்தவர் கடைசியில் திறந்தது என்ன சீட்டு. தளத்தின் குறிப்பு வசதியில் 2 வார்த்தை எழுதி வைத்தால் மறுநாள் உதவும்.

ஆடி முடித்ததும் கை வரலாற்றைத் திறந்து, 2 டாலருக்கு மேல் போன கைகளை மட்டும் எடுங்கள். ஃப்ளாப், டர்ன், ரிவரைப் பார்க்க வேண்டாம். உங்கள் 2 சீட்டு, இருக்கை, முன்னால் யார் ரெய்ஸ் செய்தார் என்ற மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்த கை தோற்றிருந்தால் அதைக் கடந்து போய்விடலாம். கிங் ஜோடியும் ஏஸ் ஜோடியிடம் தோற்கும். பட்டியலில் இல்லாத கைகளைச் சிவப்பில் குறியுங்கள், பக்கத்தில் எந்த இருக்கை என்றும். 10 நாள் தாளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் சிவப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்: ஒருவருக்குச் சின்ன பிளைண்ட், இன்னொருவருக்கு ஏஸோடு சின்னத் துணைச் சீட்டு, வேறொருவருக்கு இரவு வெகுநேரமான பின் ஆடிய கைகள். அடுத்த வாரம் அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். சிவப்பே இல்லாமல் 5,000 கை தாண்டியபின் பட்டன் பட்டியலில் புதிய கைகளைச் சேர்க்கத் தொடங்கலாம், முதலில் 8-6, 7-5 சூட்டட், அதன்பின் கிங்-9 ஆஃப்சூட்.